வெறுங்கையோடு திரும்பும் சண்முகராசா

1.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. குமுதினிதான் கொண்டுவந்து என் குசினி மேசையில் வைத்தாள். எழுதுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைப்பீர்கள். நினையுங்கள். நானும் உங்களை முழுதாக நம்பவில்லை. லண்டனில் தமிழ்க் கதை வாசிக்கிற சனத்தை எனக்குத் தெரியும். முதல் பந்தி முடிவதற்குள் "இது ஆர் எண்டு எனக்குத் தெரியும்" என்பீர்கள். இரண்டாம் பந்தி முடிவதற்குள் அந்த ஆளுக்கே போன் எடுத்துவிடுவீர்கள். ஆகவே பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பெயரையும் மாலினி என்று மாற்றிக்கொண்டேன். எனக்குப் பிடித்த பெயர் அது. பெற்றவர்கள் என்னைக் கேட்காமல் வேறு வைத்துவிட்டார்கள்.

ஜனவரி மாதம், பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிய ஒரு நாள். குமுதினி கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி இருக்கிறாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள்.

"மாலினி, இவர் கொம்பு தேடப் போறாராம்."

"என்ன கொம்பு?"

"மான் கொம்பு. காட்டுக்குள்ள விழுந்து கிடக்குமாம். ஒவ்வொரு ஞாயிறும் விடியப் போறார். ஒரு நாளாவது ஒரு கொம்பு கொண்டுவந்தாரோ? இல்லை. வெறுங்கையோட வாறார், வந்து குளிக்கிறார், சாப்பிடுறார், படுக்கிறார். இதை நீ நம்புவியோ?"

நம்பவில்லை. நம்பியிருந்தால் இந்தக் கதை இல்லை.

2.

அன்றிரவே தொடக்கத்தை எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "இலையுதிர்ந்த காட்டுக்குள் சண்முகராசா தனியாக —"

(இங்கே கை நின்றுவிட்டது. தனியாகத்தான் போகிறார் என்று யார் சொன்னது?)

இரண்டாம் தொடக்கம்: "சண்முகராசா நல்ல மனிதர்."

(முதல் வரியிலேயே ஒருவரை நல்லவர் என்றால் வாசகருக்கு உடனே மூக்கு வேர்க்கும். அதற்காகத்தான் எழுதினேன். பிறகு யோசித்தேன்: அந்த மனிதர் உண்மையிலேயே நல்லவராக இருந்துவிட்டால்? அடித்துவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம் தேறாது, வெறும் தகவல். ஆனாலும் உங்களுக்கு அது தேவை என்பதால் விடுகிறேன். சண்முகராசா டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். முன்பு பிரான்ஸில் இருந்தவர். பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்க வேண்டும் என்று குடும்பத்தோடு லண்டன் வந்தார். பிள்ளைகள் இங்கிலிஷையும் எடுத்துக்கொண்டு வேறு வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். இப்போது வீட்டில் அவரும் குமுதினியும்தான். அவர் கதைக்க மாட்டார். கடையில் கேட்டதை எடுத்துத் தருவார், மிச்சக் காசைத் தருவார், தலையாட்டுவார். வீட்டில் அந்தத் தலையாட்டலும் குறைவு என்பது குமுதினியின் நெடுநாள் முறைப்பாடு.

கொம்பு எப்படி வந்தது? கடைக்கு நாயோடு வரும் ஒரு வெள்ளைக்காரர் சொன்னாராம்: மான்களுக்கு வருடா வருடம் கொம்பு விழுந்து புதிதாக முளைக்கும், ஆட்கள் காட்டில் பொறுக்குவார்கள் என்று. மாட்டுக் கொம்பை மட்டும் அறிந்த சண்முகராசா வாயைப் பிளந்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, தானாகவே ஒரு முழு வசனம் பேசினார். "குமுதினி, மானுக்குக் கொம்பு விழுந்து விழுந்து முளைக்குதாம்." குமுதினிக்கு அந்த வசனம் நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த அளவு நீளத்தில் இன்னொன்று வரவில்லையாம்.

3.

எனக்கு என் பாத்திரத்தின்மேல் சந்தேகம். அதை மறைக்காமல் உங்கள் முன் வைக்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரம் போனால் ரிச்மண்ட் பார்க். மான்கள் அங்கே மந்தை மந்தையாக நிற்கும். அதை விட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் கார் ஓட்டி கென்ட் பக்கத்துக் காட்டுக்கு ஏன் போகவேண்டும்? அடுத்தது, இணையத்தில் தேடிப் பார்த்தேன்: பெரிய மான்களுக்குக் கொம்பு விழுவது குளிர் முடியும்போது, வசந்தத்தில். ஜனவரியில் என்ன கொம்பு? அதற்கும் மேலே சப்பாத்து. மாரிக்காலத்துக் காட்டில் முழங்கால்வரை சேறு. குமுதினி சொல்கிறாள், அவருடைய சப்பாத்து கோயிலுக்குப் போய்வந்த சப்பாத்து மாதிரித் துப்பரவாக இருக்கிறதாம்.

"அது மட்டுமில்லை," என்றாள். குரலைத் தாழ்த்தினாள், என் வீட்டில் எங்கள் இருவரையும் தவிர யாரும் இல்லாதபோதும். "ஞாயிறு விடிய முகம் வழிக்கிறார். காட்டுக்குப் போறதுக்கு ஆரடி முகம் வழிக்கிறது?"

நெருப்பில்லாமல் புகையுமா? ஆகவே முடிவுகளை முன்கூட்டியே எழுதத் தொடங்கினேன். கதையின் நடுப்பகுதி தெரியாதபோது முடிவை எழுதுவது என் கெட்ட பழக்கம். போனில் அவற்றைக் குமுதினிக்கு வாசித்தும் காட்டினேன்.

முடிவு அ: லூயிஷாமில் ஒரு பெண். சிவன் கோயிலில் கண்ட பழக்கம். கார் கென்ட் பக்கம் போவதே இல்லை.

முடிவு ஆ: அவருக்கு ஏதோ வருத்தம். ஒருவருக்கும் சொல்லாமல் வைத்தியம் —

"சீ! வாயைக் கழுவு!" என்று குமுதினி கத்தினாள். ஆகவே அந்த வசனம் பாதியில் நிற்கிறது.

முடிவு இ: அவர் உண்மையாகவே கொம்பு தேடுகிறார்.

"இது சின்னப் பிள்ளையளுக்குச் சொல்லுற கதை," என்றாள். "முதலாவதைத் திருப்பி வாசி."

வாசித்தேன். கவனமாகக் கேட்டாள். பிறகு திருத்தங்கள் சொல்லத் தொடங்கினாள். அந்தப் பெண் தன்னைவிட நிறமாக இருக்கட்டும். சமைக்கத் தெரியாதவளாக இருக்கட்டும். "வடிவாச் சமைக்கிறவள் எண்டால் மனுசன் வீட்டில வந்து இரண்டாந்தரம் சோறு கேக்காது." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இவள் என் கட்டுக்கதைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறாள்.

4.

"நீ கூடப் போ," என்றாள் அடுத்த நாள்.

"எங்க?"

"காட்டுக்கு. கதை எழுதக் காடு பாக்கோணும் எண்டு சொல்லு. உனக்கென்ன, நீ எழுத்தாளர்தானே. நீங்கள் எங்கையும் போகலாம்."

சண்முகராசா மறுப்பார், அந்த மறுப்பே சாட்சியாகிவிடும் என்பது எங்கள் திட்டம். கடையில் போய்க் கேட்டேன். "அண்ணை, இந்த ஞாயிறு உங்களோட காட்டுக்கு வரலாமோ?"

"ஓம், வாங்கோ," என்றார். யோசிக்கவே இல்லை. மல்லித்தூள் பைகளை அடுக்கியபடியே சொன்னார்.

உடனே ஓம் சொல்கிற ஆண்களை நான் நம்புவதில்லை. சாட்சிகளை அகற்ற அவருக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன.*

* என் கணவர் இந்தப் பகுதியை வாசித்துவிட்டு, "வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில விடுறாய்," என்றார். இன்னொரு வீட்டு மனுசனோடு காரில் காட்டுக்குப் போகிறாய், அடுத்த தெருச் செல்வமலர் கண்டால் லண்டனின் மற்ற மூலையில் இருக்கிற மனோர் பார்க் கோயில் வரைக்கும் கதை போய்விடும் என்றார். எழுத்துக்காக என்றேன். "சனம் எழுத்தைப் பாக்காது, காரைத்தான் பாக்கும்," என்றார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஷிப்ட் இருப்பது எனக்கு வாய்ப்பாகப் போய்விட்டது.

5.

காரில் ஏறியதும் மூக்கால் வேலை செய்தேன். பெண்களின் வாசனைத் தைலம் இல்லை. இருக்கையில் நீளமயிர் இல்லை. பின் இருக்கையில் ஒரு தேத்தண்ணிப் போத்தல், இரண்டு கோப்பை. இரண்டு! மனதில் குறித்துக்கொண்டேன்.

"மற்றக் கோப்பை ஆருக்கு அண்ணை?"

"உங்களுக்குத்தான்," என்றார்.

அந்தப் பயணம் முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான்.

காட்டின் பெயரை எழுத மாட்டேன். கடைக்கு வரும் நாய்க்காரரின் மைத்துனருக்குச் சொந்தமான காடு. உள்ளே போக அனுமதி வாங்கியிருக்கிறார். மரக் கேற்றின் அருகே காரை நிறுத்தி, டிக்கியிலிருந்து சேறு காய்ந்த பெரிய பூட்ஸை எடுத்துப் போட்டார். துப்பரவான சப்பாத்தை ஒரு பைக்குள் வைத்துச் சுற்றினார். அவ்வளவுதான் சப்பாத்தின் மர்மம். எனக்கு ஏமாற்றமாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

ரிச்மண்ட் பார்க்கில் விழுந்த கொம்பை எடுக்கக் கூடாதாம், அது அரச சொத்து. இங்கே ரோ மான் என்ற சின்னச் சாதி இருக்கிறது, அதற்கு மாரியில்தான் கொம்பு விழுமாம். இவற்றை அவர் சொல்லவில்லை. கேற்றில் நாய்க்காரரின் மைத்துனர் சொன்னார். என் இரண்டு நல்ல சந்தேகங்களும் கேற்றடியிலேயே செத்துப்போயின.

உள்ளே போனோம். நீங்கள் அப்படியொரு காட்டைப் பார்த்ததுண்டா? எல்லா மரமும் மொட்டை. நிலம் முழுக்கக் கறுத்த இலை, காய்ந்த பன்னச் செடி, விழுந்த சுள்ளி. சுள்ளி ஒவ்வொன்றும் கொம்பு மாதிரியே கிடந்தது. குனிவேன், எடுப்பேன், சுள்ளி. மறுபடியும் குனிவேன், மறுபடியும் சுள்ளி. அந்தக் காட்டில் ஒரு பொருளாவது தான் யார் என்று நேர்மையாகச் சொல்லவில்லை.

அப்போது எனக்குப் பின்னால் ஒருவர் கதைக்கத் தொடங்கினார்.

"மாலினி, உந்தச் சுள்ளியைக் கவனிச்சுக் கொள்ளுங்கோ. மூண்டு கிழமையா என்னை ஏமாத்துது உது. ஒவ்வொரு முறையும் தூக்கிப் பாத்துத் திட்டிப்போட்டு எறியிறனான். அடுத்த கிழமை வந்து பாத்தால் வேற இடத்தில நிண்டு, வா வா எண்டு கூப்பிடுது, கள்ளச் சுள்ளி!"

திரும்பிப் பார்த்தேன். சண்முகராசாதான். சிரித்துக்கொண்டு நின்றார். பதினைந்து வருடத்துக்கு மேல் தெரிந்த மனிதர், அவருடைய பல்லை நான் அன்றுதான் ஒழுங்காகக் கண்டேன்.

அதன் பிறகு அவர் நிறுத்தவில்லை. அணில்கள் கொம்பைக் கொறிக்கும் கதை. பிரான்ஸில் எட்டுப் பேர் ஒரு அறையில் இருந்தபோது யாரோ கிளி வாங்கி வந்து அதற்குத் தமிழில் கெட்ட வார்த்தை பழக்கிய கதை. கடையில் முருங்கைக்காயை முறித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போகும் ஆட்களை ஒவ்வொருவராக நடித்துக் காட்டினார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. ஒருமுறை சேற்றில் சறுக்கி இருந்துவிட்டு, எழும்பாமல் அப்படியே இருந்து சிரித்தார்.

நான் கேட்டேன்: "அண்ணை, இப்பிடி வீட்டில ஏன் கதைக்கிறேல்ல?"

சத்தம் நின்றுவிட்டது. யாரோ ரேடியோவை அணைத்தது போல. எழும்பினார், காற்சட்டையைத் தட்டினார், முன்னால் நடந்தார்.  கேள்வி கேட்டால் இந்த மனிதர் மூடிக்கொள்வார் என்று அப்போது விளங்கியது. கேள்வி கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று குமுதினியைக் கேளுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அவர் குரல் திரும்பி வந்தது.

(முடிவு இ தான் உண்மை. கதாசிரியைக்கு இதைவிட அவமானம் வேறில்லை. கதையை இங்கேயே முடித்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.)

6.

போகவில்லை. அவர் என்னை ஒரு விழுந்த மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேர்ப்பொந்தை மூடியிருந்த பன்னத்தை விலக்கினார். உள்ளே கொம்புகள். ஒரு சாண் நீளம், சிலது இன்னும் குட்டை. அடியில் கரடுமுரடான வளையம். மண் கழுவி, சோடி சேர்த்து, வரிசையாக வைத்திருந்தார். சோடி கிடைக்காதவை ஒரு பக்கமாகக் கிடந்தன.

வெறுங்கையோடு திரும்பிய ஞாயிறுகள் எல்லாம் அங்கே இருந்தன.

நான் கேள்வி கேட்கவில்லை. அதனால்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"முதல் கிடைச்சதை வீட்ட கொண்டு போனனான். போன வருசத் தைப்பூசம் அண்டைக்கு. முருகனுக்கு முன்னால வைப்பம் எண்டு சாமியறையில வைச்சன். வள்ளி மான் வயித்தில பிறந்தவதானே. நல்லதெண்டு நினைச்சன்."

ஐயோ என்றேன் மனதுக்குள். தைப்பூசத்தன்று குமுதினி விரதம். பச்சைத் தண்ணீரும் குடிக்க மாட்டாள்.

"கண்டிட்டுக் கத்தினா. எலும்பைக் கொண்டுவந்து சாமிக்கு முன்னால வைச்சிட்டீங்களே எண்டு. மஞ்சள் தண்ணி தெளிச்சு, என்னையும் குளிக்க வைச்சா. கொம்பைக் கவுன்சில் குப்பைத் தொட்டிக்குள்ள போட்டிட்டா. அவவில பிழையில்லை. எலும்புதானே."

குமுதினி இதை எனக்குச் சொல்லவில்லை. ஒரு நாளாவது ஒரு கொம்பு கொண்டுவந்தாரோ என்றுதான் கேட்டாள். என் கதையில் பொய் சொன்ன முதல் ஆள் அவள். இவ்வளவு நாளும் நான் தப்பான ஆளைச் சந்தேகித்திருக்கிறேன்.

அவர் பன்னத்தைத் திரும்ப மூடினார். "அவவிட்ட, ஒண்டும் கிடைக்கேல்ல எண்டு சொல்லுங்கோ."

இந்த இடத்தில் என்னால் முடியவில்லை. "எலும்பு வீட்டுக்குள்ள வேண்டாம், சரி. ஆனால் இப்பிடி ஒரு இடம் இருக்கு எண்டாவது சொல்லலாமே, அண்ணை?"

மூடிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கடைசிப் பன்னத்தை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"சொன்னால் தானும் வாறன் எண்டுவா."

7.

இனி நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். பாதியில் விட்ட வசனங்கள் போதும்.

திங்கட்கிழமை குமுதினி வந்தாள். "ஒண்டுமில்லையடி, கொம்புதான் தேடுறார்," என்றேன்.

"ஒண்டுமில்லாததுக்கோ ஒரு முழுக் காலமை?" என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீயும் எதையோ மறைக்கிறாய். செல்வமலர் போன் எடுத்தவள். நீங்கள் ரெண்டு பேரும் காரில சிரிச்சுக்கொண்டு வந்தியளாம்."

என் கணவர் சொன்ன ஓணான் மடிக்குள் வந்துவிட்டது. கோபம் கோபமாக வந்தது, அவள்மேலும் செல்வமலர்மேலும். ஆகவே சொல்லிவிட்டேன். பூட்ஸ், வேர்ப்பொந்து, சோடி சோடியாகக் கொம்பு, எல்லாம். தைப்பூசத்தையும் கேட்டேன்.

"கொம்பு கொண்டுவரேல்ல எண்டுதானே நீ சொன்னனீ?"

"அது கொம்பில்லை, எலும்பு."

"தானா விழுந்ததடி. மயிரும் நகமும் மாதிரி."

"மயிரையும் நகத்தையும் நீ சாமியறைக்குள்ள வைப்பியோ?"

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான், அவர் வாய் திறந்ததாக நான் சொன்னது அவளுக்கு உறைத்தது.

"அப்ப, அங்க கதைக்கிறாரோ?"

"ஓம்."

"என்ன கதைக்கிறார்?"

கிளியைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கிளியைப் பற்றி அவளுக்குத் தெரியாது. முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவளுக்கு, எட்டுப் பேர் இருந்த அறையே தெரியாது.

"சிரிச்சவரோ?"

இங்கே நான் பொய் சொல்லியிருக்கலாம். கதைகளில் தாராளமாகச் சொல்கிறேன். "ஓம்," என்றேன்.

குமுதினி அழத் தொடங்கினாள். "வேற ஒருத்தி எண்டால் பறவாயில்லை மாலினி. போய் வாசல்ல நிண்டு கத்தலாம். தலைமயிரைப் பிடிச்சு இழுக்கலாம். சனமும் என்னில இரக்கப்படும். காட்டோட நான் என்னெண்டு சண்டை பிடிக்கிறது? ஒருத்தருமில்லாத இடத்தில போய்ச் சிரிக்கிறார் எண்டால் நான் ஆர்?" மூக்கைத் துடைத்தாள். "உன்ர கதையில அந்த லூயிஷாம் பொம்பிளையையே விடு. கெஞ்சிக் கேக்கிறன்."

அவளைக் கட்டிப்பிடித்தேன். எனக்கும் அழுகை வந்தது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அவள் என் சினேகிதி.

அந்தப் பெண்ணை எழுதுவதாகச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் குமுதினி நிமிர்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஆனால் கண்ணில் ஏதோ ஒன்று புதிதாக வந்திருந்தது. கலியாணம் பேசிய காலத்துக் குமுதினியை நான் கண்டதில்லை. அவள் அப்படித்தான் இருந்திருப்பாள் என்று தோன்றியது.

"நான் ஒண்டு கேக்கட்டோ?" என்றாள். "இந்த ஞாயிறு நானும் வரட்டோ எண்டு அவரிட்டக் கேட்டுப் பாக்கட்டே? பூட்ஸ் வாங்கலாம். கொம்பைப் பற்றி ஒண்டும் சொல்லமாட்டன். கேள்வியும் கேக்கமாட்டன், சத்தியமா. நான் வந்தால் அவருக்குச் சந்தோசமா இருக்குமெல்லே, மாலினி? நீ அவரைப் பாத்தனீதானே. சொல்லு."

அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன் என்று மேலே எழுதினேன். ஒரு வசனத்தைச் சொல்லவில்லை. ஆறாம் பகுதியில் கடைசியாக இருப்பது. அது இப்போது எனக்கும் சண்முகராசாவுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரியும்.

குமுதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள். முகம் பார்த்துப் பொய் கண்டுபிடிப்பதில் அவள் கெட்டிக்காரி. ஏதாவது சொல்லியாக வேண்டும். நான் எழுதிப் பார்த்தவை எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். கீழே இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு சினேகிதி இருப்பாள், அவளை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

நான் குமுதினியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"